பயம் வருகிற நாளில் மட்டும் மருந்து கொடுக்கலாமா?

குமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய், மகளின் வலிப்பு நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். இவர் மாமனார், மாமியார், நாத்தனாரோடு கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறார். மாமனாருக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. மரத்தில் பால்வெட்டும், அந்தப் பாலை ஷீட்டாக அடிப்பதும் வீட்டோடு நடக்கிறது. சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் குழந்தையின் வாய் ஒரு பக்கமாகக் கோணி, எச்சில் வழிந்து, பேச்சு வராமல் போயிருக்கிறது. பிறகு கைகால் இழுத்தது. சில வாரங்களில் மறுபடியும் அதே மாதிரி. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒன்றுமில்லை, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் மாற்றம் இருந்தது. வலிப்பைத் தடுக்கும் லெவெடிராசிட்டம் சிரப்பைக் காலையும் இரவும் கொடுக்கச் சொன்னார்கள். நான்கு மாதம் வலிப்பு இல்லை. ஆனால் குழந்தை எதற்கெடுத்தாலும் கத்தினாள், தம்பியை அடித்தாள். "இந்த மருந்து ஈரலைக் கெடுக்கும்" என்று யாரோ சொல்லக் கேட்டதும் சேர்ந்துகொள்ள, சிரப்பை நிறுத்திவிட்டார்.

நாத்தனாருக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதால் விஷயம் வெளியே போகக் கூடாது என்பது வீட்டின் முடிவு. பள்ளிக்கும் சொல்லவில்லை. மருந்தை நிறுத்திய மூன்றாவது வாரம் வகுப்பிலேயே வலிப்பு வந்தது. ஒரு டீச்சர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க, இன்னொருவர் நாக்கு கடிபடாமல் இருக்கட்டும் என்று கரண்டியை வாய்க்குள் வைக்க, பல் உடைந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்த வலிப்பு, ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஊசி போட்ட பிறகுதான் நின்றது. "முழுசா குணமாயிட்டுன்னு சர்ட்டிபிகேட் கொண்டு வாங்க, பிறகு பார்ப்போம்" என்று பள்ளி சொல்லிவிட்டது. இப்போது நாட்டு வைத்தியம் பார்க்கும் வர்ம ஆசான் ஒருவர் கொடுத்த பொடி தினமும் நடக்கிறது. சிரப்பை "பயம் வருகிற நாட்களில் மட்டும்" கொடுக்கிறார். அடுத்த மாதம் மூன்று நாள் உபவாச ஜெபத்துக்குக் குழந்தையை அழைத்துப் போக மாமியார் ஏற்பாடு செய்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்கம் முழுவதும் கேள்விகள். "அஞ்சாம் மாசத்துல படியில வழுக்கி விழுந்தேன், எனக்க மோளுக்கு அதனாலயா இது வந்தது? எனக்க வீட்டு வழியா வந்த தீனம்னு மாமியார் சொல்லுகா. படிப்பு போயிடுமா? நாளைக்கு இவளை யாரு கட்டுவா? ஸ்ரீசித்திராவுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணிட்டா தீருமா?"

அன்புச் சகோதரிக்கு,

எல்லாக் கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன்பு ஒன்று. இதைப் படித்து முடித்ததும் உங்கள் மகளைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரைத் தொடர்புகொண்டு, மருந்து ஒழுங்காகப் போகவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம். இடையில் நிறுத்தும் பெற்றோர் எங்களிடம் நிறையப் பேர் வருகிறார்கள்; உண்மை தெரிந்தால்தான் சரியான அளவில் மறுபடி தொடங்க முடியும். பழைய அளவை நீங்களாகவே முழுதாகத் தொடங்கவும் வேண்டாம். அவரைப் பார்க்க நாளாகும் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். பழைய சீட்டு, இ.இ.ஜி. அறிக்கை, சிரப் பாட்டில், அந்தப் பொடிப் பொட்டலம் நான்கையும் கையில் எடுத்துப் போங்கள்.

மருந்து எப்படி வேலை செய்கிறது

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் போல, வந்தபோது கொடுக்கிற மருந்து அல்ல இது. லெவெடிராசிட்டம் உடலில் நெடுநேரம் தங்காது. சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அதனால்தான் காலை ஒன்று, இரவு ஒன்று. திங்களன்று கொடுத்த சிரப் புதனன்று பாதுகாக்காது. பயம் வருகிற நாளில் கொடுப்பது உங்கள் பயத்தைத் தணிக்கிறதே தவிர, குழந்தையைக் காப்பதில்லை. அதைவிட, மருந்து திடீரென்று நிற்பதே வலிப்பைத் தூண்டும், நீண்ட வலிப்பையும் கொண்டுவரும். பள்ளியில் நடந்ததற்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நான்கு மாதம் வலிப்பு வராமல் இருந்ததைப் பார்த்து, நோய் போய்விட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். மருந்து வேலை செய்தது என்பதற்குத்தான் அது சான்று. பொதுவாகக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பே இல்லாமல் கழிந்த பிறகுதான் நிறுத்துவதைப் பற்றி யோசிப்போம். அப்போதும் ஒரே நாளில் அல்ல. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம்.

எரிச்சலும் அடிதடியும் உங்கள் கற்பனை இல்லை. லெவெடிராசிட்டத்துக்கு அந்தப் பக்கவிளைவு உண்டு என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். மருந்தைக் கொடுத்தபோதே அதை உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் வருத்தம். மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மெதுவாக ஏற்றலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். மாற்றுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் நீங்களே கேளுங்கள்: "இது வால்ப்ரோயேட்டா?" நல்ல மருந்துதான் அது. ஆனால் பிற்காலத்தில் கர்ப்ப காலத்தில் எடுத்தால் கருவைப் பாதிக்கும் ஆபத்து அதிகம் என்பதால், பெண் குழந்தைகளுக்கு வேறு வழி இருக்கும்போது அதைத் தவிர்க்கவே பார்ப்போம். ஈரலைப் பற்றிய பயம் உங்கள் மகளின் சிரப்புக்குப் பொருந்தாது. அது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது.

சிரப்பைச் சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். அதற்கென்று தரும் ஊசியில்லாத சிரிஞ்சு சரியாக இருக்கும். பாட்டில் தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். ஒரு வேளை மறந்துபோய், சீக்கிரமே நினைவு வந்தால் அப்போதே கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் கொடுங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

இது என்ன வகை வலிப்பு?

இ.இ.ஜி. அறிக்கையில் 'சென்ட்ரோ டெம்போரல்' (மூளையின் நடு, பக்கவாட்டுப் பகுதி) என்று இருந்த வரியை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். தூக்கத்தில் வருவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, எச்சில் வழிவது, பேச முயன்றும் பேச்சு வராதது, இந்த வயது, இயல்பான எம்.ஆர்.ஐ. எல்லாம் சேர்ந்து குழந்தைப் பருவத்துக்கே உரிய ஒரு வலிப்பு வகையை நினைவூட்டுகின்றன. அந்த வகை என்றால் பெரும்பாலும் பதின்பருவத்தின் நடுவில் தானாகவே அடங்கிவிடும். குழந்தையைப் பார்க்காமல் நான் பெயர் வைக்கக் கூடாது. உங்கள் மருத்துவரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள், பதிலை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

படியில் விழுந்ததற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். அப்படி மூளையில் காயம் ஏற்பட்டிருந்தால் எம்.ஆர்.ஐ. அதைக் காட்ட வாய்ப்பு உண்டு, காட்டவில்லை. உங்கள் வீட்டு வழி வந்த தீனம் என்பதும் சரியில்லை. சில வலிப்பு வகைகளில் பரம்பரைக் கூறு இருக்கலாம். ஆனால் அது தாய் வழி மட்டும் இறங்கும் சொத்து இல்லை. தகப்பன் வழிக்கும் அதே அளவு பங்கு உண்டு. ஒன்பது வருடமாக நீங்கள் சுமக்கும் அந்தப் படிக்கட்டை இன்றோடு இறக்கி வைத்துவிடுங்கள்.

படிப்பு போகுமா என்றால், வலிப்பு வந்ததாலேயே அறிவு மங்குவதில்லை. சிலருக்குக் கவனம், வாசிப்பு, எழுத்தில் சின்னச் சின்னச் சிரமங்கள் இருக்கலாம். கவனித்தால் உதவ முடியும். உங்கள் மகளின் படிப்புக்கு இன்றைக்கு இருக்கும் பெரிய ஆபத்து அவள் வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான்.

ஸ்ரீசித்திராவைப் பற்றிக் கேட்டீர்கள். திருவனந்தபுரத்தில் இருக்கும் அந்த மருத்துவ நிறுவனம் வலிப்பு அறுவைச் சிகிச்சையில் நாட்டிலேயே முன்னோடிகளில் ஒன்று. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது பக்கத்தில் இருப்பது ஒரு கொடுப்பினை. ஆனால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவது, பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் ஒழுங்காகக் கொடுத்தும் வலிப்பு நிற்காத நிலையில். உங்கள் மகளுக்கு முதல் மருந்தே வேலை செய்தது. முறையாக மருந்து எடுத்தால் வலிப்பு உள்ளவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பெரும்பான்மையில் உங்கள் மகள் இருப்பாள் என்று நம்ப எல்லாக் காரணமும் இருக்கிறது.

பொடியும் உபவாசமும்

வர்ம ஆசான்கள் மேல் நம் ஊர் வைத்திருக்கும் மரியாதை எனக்குத் தெரியும், சுளுக்குக்கும் முறிவுக்கும் அவர்களிடம் போவதை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியை வலிப்புள்ள குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். வலிப்புக்கென்று விற்ற பொடிகளில் பினோபார்பிடோன் போன்ற ஆங்கில வலிப்பு மருந்து கலந்திருந்தது இந்தியாவிலேயே கண்டறியப்பட்டிருக்கிறது. அப்படி எதுவும் இதில் கலந்திருந்தால் அதையும் திடீரென நிறுத்துவது ஆபத்து. அதனால்தான் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போகச் சொன்னேன்.

மாமியாரின் ஜெபத்தைத் தடுக்காதீர்கள். பேத்தியின் மேல் உள்ள பாசம்தான் அது. குழந்தையைப் பட்டினி போடுவதையும் இராத்திரி முழுக்க விழிக்க வைப்பதையும் மட்டும் தடுத்துவிடுங்கள். தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டுவதில் முன்வரிசையில் நிற்கிறது. "அம்மா, நீங்க உபவாசம் இருந்து ஜெபியுங்க, இவ சாப்பிட்டு, மருந்து குடிச்சு, உங்க பக்கத்துல உறங்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். கிறிஸ்துமஸ் இரவு, கோயில் கொடை, கல்யாண வீடு எதற்கும் இதே விதி. மாமனார் பால்வெட்டுக்கு எழும் நேரத்துச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொள்கிறாள் என்றால் படுக்கையை உள்ளறைக்கு மாற்றுங்கள்.

மறைத்ததால் நடந்தது

இதைச் சொல்லும்போது உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டில் எடுத்த முடிவுக்கு மறுப்புச் சொல்லும் நிலையில் நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் சொல்ல வேண்டும். அன்றைக்கு வகுப்பில் பல்லை உடைத்தது வலிப்பு இல்லை, கரண்டி. அந்தக் கரண்டியை எடுத்த டீச்சர் கெட்டவர் இல்லை. உங்கள் மகளுக்கு வலிப்பு வரக்கூடும் என்பதையும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. குழந்தை ஒரு நாளில் உங்கள் கண்முன் இருக்கும் நேரத்தைவிட மற்றவர்கள் கண்முன் இருக்கும் நேரம் அதிகம். வகுப்பு டீச்சர், வேன் ஓட்டுநர், டியூஷன் எடுப்பவர், விளையாட வரும் பக்கத்து வீட்டுக்காரர் என்று இத்தனை பேருக்கும் தெரியாத ஒரு விஷயத்தில் நீங்கள் ஒருத்தி மட்டும் காவல் நிற்க முடியாது. ஊருக்கெல்லாம் பறைசாற்றச் சொல்லவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர்களுக்கு நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டியது இது. வலிப்பு வந்தால் முதலில் மணியைப் பாருங்கள். கூர்மையான, கடினமான பொருள்களைப் பக்கத்திலிருந்து அகற்றி, தலைக்கடியில் மடித்த துணியோ பையோ வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, முடிந்தவுடன் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் வெளியே வந்துவிடும். கைகாலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம். நாக்கை விழுங்கிவிடுவார்கள் என்பது நடக்காத ஒன்று. கையில் இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும், அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. முழுதாக நினைவு திரும்பும் வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. பிறகு உறங்கினால் உறங்க விடலாம், பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று நின்று நினைவு திரும்பும் முன்பே அடுத்தது தொடங்கினாலோ, 108-ஐ அழையுங்கள். உங்கள் மகளுக்கு ஒருமுறை வலிப்பு நீண்டிருப்பதால், வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே வீட்டிலும் பள்ளியிலும் இருக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எடைக்கேற்ற அளவை அவர் எழுதித் தருவார், எப்படி அடிப்பது என்று செய்து காட்டவும் சொல்லுங்கள். வீட்டில் இரண்டாவது ஆள் இருந்தால் அலைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். எங்களுக்குப் பல நேரம் அந்த ஒரு நிமிடக் காட்சி பத்துப் பக்க அறிக்கையைவிட உதவுகிறது.

பள்ளி சொன்னது சரியா?

"குணமாகிவிட்டது" என்று எந்த மருத்துவரும் சான்று தர முடியாது, பள்ளி அதைக் கேட்கவும் வேண்டியதில்லை. நீங்கள் கொண்டுபோக வேண்டியது வேறு கடிதம்: குழந்தை பள்ளிக்கு வரத் தகுதியானவள், மருந்து எடுக்கிறாள், வலிப்பு வந்தால் இன்னின்னது செய்ய வேண்டும், இந்த எண்ணை அழைக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு பக்கம். அதோடு போய்த் தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லாததற்கு வருத்தம் தெரிவியுங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். பயந்த பள்ளிக்கு மிரட்டலைவிட ஒரு வழிமுறைத் தாள் தெம்பு கொடுக்கும்.

அப்படியும் மறுத்தால், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தையை எட்டாம் வகுப்பு முடியும் வரை பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. நம் மாவட்டத்தில் சிறுபான்மை நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகள் அதிகம். அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் பள்ளியானாலும் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 எண்களையும் அழைக்கலாம். நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் தினம். அன்று ஆசிரியர்களுக்கு முதலுதவி சொல்லித்தர ஒரு மருத்துவரை அழைக்கும்படி நீங்களே கேட்டுப் பாருங்கள்.

எதைத் தடுக்க வேண்டும், எதை விட வேண்டும்

ஓடட்டும், விளையாடட்டும், ஆடட்டும். தண்ணீர் விஷயத்தில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். நம் ஊரில் குளம், ஆறு, கால்வாய், கடல் எல்லாம் வாசலில் இருக்கின்றன. வலிப்புள்ள குழந்தை தண்ணீருக்குள் இருக்கும்போது வலிப்பு வந்தால் காப்பாற்றக் கிடைப்பது சில நொடிகள். வலிப்பு கட்டுக்குள் வரும் வரை குளத்துக் குளியல் வேண்டாம். பிறகும் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில், அவளை மட்டும் பார்த்துக்கொண்டு, இருக்க வேண்டும். வீட்டில் வாளியும் கப்பும் போதும், குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம். விறகடுப்புப் பக்கமும் மரமேறவும் விடாதீர்கள். ரப்பர் ஷீட் அடிக்கிற இடத்தில் ஆசிட்டும் உருளையும் இருக்கின்றன. அங்கே எந்தக் குழந்தைக்குமே வேலையில்லை.

கல்யாணப் பேச்சு

ஒன்பது வயதில் இதை யோசிக்க வைத்திருக்கிறது ஊர். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வருபவர் மணம் முடிக்கத் தகுதியற்றவர் என்று பொருள்படும் வாசகம் உண்மையிலேயே இருந்தது. 1999-இல் திருத்தம் கொண்டுவந்து அதை நீக்கிவிட்டார்கள். சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் எடுத்தாயிற்று. வலிப்புள்ள பெண்கள் மணம் செய்து, மருத்துவ ஆலோசனையோடு ஆரோக்கியமான குழந்தைகளைப் பெற்று வளர்க்கிறார்கள். அண்ணன் மகளின் வலிப்புக்கும் உங்கள் நாத்தனாரின் வரனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை உங்கள் மாமியாரிடம் நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் சொன்னால் எடுபடும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது வீடியோ அழைப்பில் அவரையும் பேச வையுங்கள். முடிந்தால் மாமியாரையே கூட அழைத்துப் போங்கள். மருத்துவர் வாயால் கேட்ட பாட்டிமார், பிறகு மருந்து நேரத்தைத் தவறாமல் நினைவுபடுத்தும் காவல்காரர்களாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

இரவில் உறங்குவதே இல்லை, குழந்தையின் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே அறையில் படுத்தால் போதும், விழித்திருக்க வேண்டாம். மனது தாங்காத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வெளிநோயாளிப் பிரிவில் காத்திருக்கும்போது பக்கத்தில் இருக்கும் தாயிடம் பேசுங்கள். இரண்டு ஆண்டு வலிப்பில்லாமல் கடந்த ஒரு குழந்தையின் அம்மா கொடுக்கும் தைரியத்தை எங்களால் கொடுக்க முடியாது.

கடைசியாக, உங்கள் மகள் "எனக்கு என்னம்மா?" என்று கேட்கிறாள், ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்கிறீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை உடைந்த பல்லைக் கண்ணாடியில் பார்க்கிறாள்; ஒன்றுமில்லை என்றால் நம்ப மாட்டாள், சொல்ல முடியாத அளவுக்குப் பெரிது என்று நினைத்துக்கொள்வாள். இப்படிச் சொல்லுங்கள்: "வகுப்புல எல்லாரும் ஒரே நேரத்துல கத்துனா டீச்சர் சொல்றது கேக்காதில்ல? உனக்க மூளையில சில நேரம் அப்படி ஆகுது மக்களே. கொஞ்ச நேரத்துல அடங்கிடும். அப்படி ஆகாம இருக்கத்தான் இந்த மருந்து. இது உன் தப்பு இல்ல, யாருக்கும் ஒட்டாது." பிறகு மருந்து குடித்ததும் காலண்டரில் கோடு போடும் வேலையை அவளிடமே கொடுங்கள்.